உழைச்செல்வார் கடன்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் பேசுமாறு எம்மைப் பணித்த சங்கத்தார், தமிழாசிரியராதலின் யாம் கல்வியைப்பற்றியோ இலக்கியத்தைப்பற்றியோ பேசுவோம் என்று கருதியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. தீராநோயுற்று இறுதிநாட்களை எண்ணிக்கொண்டிருப்பாரை இல்லத்தில் வைத்துப் பேணுதலும், அங்ஙனம் பேணும் குடும்பத்தார்க்குச் சுற்றத்தார் துணைநிற்றலுமே அப்பொருள். விழாக் கூட்டத்தில் இறப்பைப்பற்றிய பேச்சு எற்றுக்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அன்னார் பொறுத்தருள்க. எவர் இல்லத்திற்கும் ஒருநாள் வந்தே தீருவதொன்றைப்பற்றி, அது வருமுன் கூடியிருந்து எண்ணுதல் அமங்கலம் ஆகாது.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு எனத் திருவள்ளுவர் வகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தது ‘உழைச்செல்வான்’. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து, மருத்துவன் கூறியவற்றைச் செய்து முடிப்பவனே உழைச்செல்வான் என்க. மருத்துவனுக்கு ஒப்ப அவனையும் வைத்து எண்ணிய நுட்பம் கருதத்தக்கது. ‘இனி நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று மருத்துவமனையில் கூறிவிடும் நாள் ஒன்று வருகின்றது. அன்றுமுதல் நோயாளிக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்நான்காம் உறுப்பு ஒன்றே. நம் இல்லங்களில் அவ்வுறுப்பாக நிற்பவர் யாவர்? மனைவியோ, மகளோ, மருமகளோ, யாரேனும் ஒரு பெண்ணே நிற்கின்றார். பெரும்பாலும் தனியே நிற்கின்றார்.

நம்மவரிடத்தே நல்வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் இறந்தார் என்று கேட்டமாத்திரத்தில், உண்ட கை உலருமுன் பேருந்து ஏறிவிடுகின்றோம். துட்டி கேட்கச் செல்லாதிருத்தல் பெரும்பழி என்று எண்ணுகின்றோம். கோடி எடுத்துச் செல்கின்றோம், பந்தலில் அமர்கின்றோம், பதினாறாம் நாளும் தவறாது போய் வருகின்றோம். நம் சங்கமும் மரண உதவி நிதியென ஒன்று வைத்து, இறந்தார் குடும்பத்திற்கு உதவி வருகின்றது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயின் ஒன்று கேட்கின்றோம். அவ்விறப்பிற்கு முந்திய மூன்று நான்கு திங்கள் அவ்வில்லத்தில் விளக்கு அணையாது எரிந்ததே, அப்பொழுது அங்கே சென்றவர் எத்துணைபேர்? இறந்தார் இல்லத்திற்குத் திரளாகச் செல்லும் நாம், இறந்துகொண்டிருப்பார் இல்லத்திற்குச் செல்லத் தயங்குகின்றோம். இக்குறையை முதற்கண் எம்மேல் ஏற்றிக்கொண்டே இங்குப் பேசுகின்றோம்.

பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் எம் தந்தையார்க்கு இரைப்பையில் புற்றுநோய் கண்டது. நகரத்து மருத்துவமனையில் இனி அறுவைக்கு இடமில்லை என்றனர். இல்லத்திற்கு அழைத்து வந்தோம். நான்கு திங்கள் இருந்தார். யாம் நாள்தோறும் பள்ளிக்குச் சென்று, மாலையில் வந்து, ‘ஐயா, எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கட்டிலருகே நின்று கேட்டு, அதனோடு மகன் கடமை முடிந்ததாக எண்ணியிருந்தோம். அவரைத் தூக்கியவரும், துடைத்தவரும், இரவில் மும்முறை எழுந்தவரும் எம் மனைவியாரே. அவர் இளைத்துக் கண் குழிந்ததை எம் தமக்கையார் வந்து சொன்ன பின்னரே யாம் கண்டோம். இஃது எம் முதற்குற்றம்.

இரண்டாவது இதனினும் பெரிது. நோயின் பெயரைத் தந்தையாரிடம் கூறலாகாது என்று யாம் அனைவர்க்கும் கட்டளையிட்டிருந்தோம். சிற்றப்பாவுக்கும் அவர்க்கும் கிணற்றுப் பங்கின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் பேச்சில்லை. ஒருநாள் மாலை, ‘தம்பிக்குச் சொல்லி அனுப்பு’ என்றார் தந்தையார். ‘எல்லாம் குணமானபின் பார்த்துக்கொள்ளலாம், ஐயா’ என்றோம். அவர் எம்மை ஒருமுறை நோக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோராம் நாள் சிற்றப்பா வந்தார், கோடியோடு வந்தார். அவர் அன்று அழுத அழுகை இன்றும் எம் காதினின்று நீங்கவில்லை. பதினொரு நாளைக்கு முன் நிகழ்ந்திருக்கவேண்டிய சந்திப்பை, நன்மை செய்வதாக எண்ணித் தடுத்தவர் யாமே.

ஆதலின் நாம் கற்றுக்கொள்ளவேண்டுவன சில உள. அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உழைச்செல்வானுக்குரிய இயல்புகளாக நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு என்னும் நான்கைக் கூறுவர். அவற்றை நிரலே கொண்டு இக்காலத்திற்குப் பொருந்தக் கூறுவாம்.

முதலாவது அன்பு. அன்பு என்பது பொய் கூறித் தேற்றுதலன்று. நோயாளி தாமே கேட்பாராயின், அவர் தாங்குமளவிற்கு, அவர் பொறுக்கும் விரைவில், உண்மையைக் கூறுதல் வேண்டும். கேளாரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டா. ‘உங்கள் உள்ளத்தில் என்ன இருக்கின்றது?’ என்று ஒருமுறை வினவிவிட்டு வாளா அமர்ந்திருத்தலே பல வேளைகளில் போதும். கடன், பாகப்பிரிவு, காணவேண்டிய முகங்கள் ஆகிய இவையெல்லாம் அவர் நெஞ்சில் அடுக்கியிருக்கும். உடல்நோவோடு உள்ளத்தின் நோவும், குடும்பத்தைப்பற்றிய கவலையும், வாழ்வின் பொருள்பற்றிய கலக்கமும் கூடியதே முழு நோவு என்று விளக்கியவர், இங்கிலாந்து நாட்டுச் சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார். செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரும் ஆகிய அவர், 1967-ஆம் ஆண்டு இலண்டனில் இறுதிக்கால நோயாளிகட்கென ஓர் இல்லம் கண்டார். இரண்டாண்டில் அங்கிருந்து நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று பேணும் பணியும் தொடங்கியது.

இரண்டாவது தூய்மை. படுக்கையிற் கிடப்பாரை இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். இடுப்பின் அடி, குதிகால், இடுப்பெலும்பின் பக்கம் ஆகிய இடங்கள் சிவக்கின்றனவா என்று நாள்தோறும் நோக்குக. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்தல் கூடாது. விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இருத்தல் ஆகா. தண்ணீர் மெத்தை, காற்று மெத்தை ஆகியவை உதவும். ஆயினும் மெத்தை உண்டென்று புரட்டாது விடுதல் பிழை. வாய் உலராவண்ணம் நனைத்த மென்துணியால் அடிக்கடி துடைத்து, உதட்டிற்கு வாசலின் தடவுக. இவை சிறிய செயல்களே. படுக்கைப்புண் வந்தபின் படும் பாட்டைக் கண்டவர்க்கே இவற்றின் அருமை தெரியும்.

மூன்றாவது, சொன்னவாறே செய்தல். இதனை வலிமருந்தின்கண் நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம். புற்றுநோயின் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்டது. எளிய மாத்திரையில் தொடங்கும் அம்முறை, கடும் வலிக்கு மார்ஃபின் என்னும் மருந்தில் சென்று முடியும். அது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. அப்பெயரைக் கேட்டே யாம் அஞ்சினோம். ‘பழகிவிடும், உயிரைக் குறைத்துவிடும்’ என்று எவரோ கூற, மருத்துவர் எழுதிய அளவிற் பாதியே தந்தோம். தந்தையார் பல்லைக் கடித்துக் கிடந்தார். மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின், வலியுடையாரை வெறியராக்குதல் அரிது, உயிரைக் குறைப்பதுமில்லை. வலி வந்தபின் தேடாது, வருமுன்னரே, குறித்த மணி தவறாது தருவதே முறை. மலச்சிக்கல் உண்டாகுமாதலின், அதற்குரிய மருந்தையும் உடன் கேட்டுப் பெறுக. தாமாகவே கூட்டுதலும் குறைத்தலும் திடீரென நிறுத்துதலும் கூடா. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தால் இம்மருந்தை வைத்திருத்தற்குப் பல உரிமங்கள் வேண்டியிருந்தமையின், மருத்துவமனைகள் பல இதனை வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ஆம் ஆண்டு பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கிற்று. இன்று வேண்டுவது நம் அச்சம் நீங்குதலே.

நான்காவது அறிவு. இறுதி நாட்களில் பசி குன்றும். உண்ணாமையால் இறக்கின்றார் என்று எண்ணி நாம் வாயைத் திறந்து கஞ்சியை ஊற்றுகின்றோம். அது மூச்சுக்குழலிற் சென்று இன்னல் விளைக்கின்றது. உண்மையில் உடல் ஒடுங்குதலின் பசி ஒடுங்குகின்றது. விரும்பின் இரண்டு துளி போதும். கைகால் குளிர்தலும், மூச்சு விட்டுவிட்டு வருதலும், தொண்டையில் கரகரவென ஒலி எழுதலும் இறுதியின் அடையாளங்கள். அவ்வொலி கேட்பாரை வருத்துமளவு நோயாளியை வருத்துவதில்லை என்பர் மருத்துவர். ஒருக்களித்துப் படுக்கவைப்பின் தணியும். அந்நேரத்தில் அஞ்சி வண்டியில் ஏற்றி ஓடுவோமாயின், வழியிலேயே, முன்பின் அறியாதார் நடுவே, உயிர் பிரியக் காண்போம். செவிப்புலன் இறுதிவரை நிற்றல் கூடுமாதலின், அருகிருந்து அழுது அரற்றாது, கையைப் பற்றி மெல்லப் பேசுக.

இத்துணையும் ஒரு பெண் தனியே செய்தல் இயலுமோ? இயலாது. அண்டை நாடாகிய கேரளத்தார் இதனை உணர்ந்தனர். 1993-ஆம் ஆண்டு கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டி, மருத்துவர் எம். ஆர். இராசகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிக்கும் சங்கம் ஒன்று கண்டனர். சில ஆண்டுகளில் அது மருத்துவமனை வாயிலைக் கடந்து ஊர்களுக்குப் பரவியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் தரக்கூடிய எவரும் பயிற்சி பெற்றுத் தொண்டராயினர். கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் வண்டியோட்டியும் நோயாளிகளின் வீடுதேடிச் சென்றனர். 2008-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு இதற்கெனக் கொள்கை வகுத்து, ஊராட்சிகளையும் இப்பணியில் இணைத்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், படுக்கையிலுள்ளார்க்கு வலி தணிப்பும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே அளித்தலும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்திற் சென்று பெயரைப் பதியுமாறு கேட்டல் நம் கடமை. செவிலியர் வந்து செல்வர். மற்றை வேளைகளில் பக்கத்திலிருக்கவேண்டியவர் நாமே.

ஆதலின் இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, மரண உதவி நிதியில் ஒரு பகுதியை மரணத்திற்கு முன்னரே தருக. அத்தொகை கொண்டு காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மலம் கழித்தற்குரிய நாற்காலி ஆகியவற்றை வாங்கி, வேண்டுவார்க்கு இரவலாக அளிக்கலாம். இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் பத்துப்பேர் தம் பெயரைப் பதிந்து, நோயாளி உள்ள வீட்டில் வாரத்தில் ஓரிரவு அல்லது ஒரு நண்பகல் முறைவைத்து அமர்க. உழைச்செல்வாள் அவ்வேளை உறங்கட்டும், கோயிலுக்குச் செல்லட்டும், தன் பிறந்தகத்தாரைக் கண்டு வரட்டும். அவர்களுள் ஆண்மக்களும் இருத்தல் வேண்டும். தந்தையைத் துடைத்துவிடுதல் ஆண்மைக்கு இழுக்கன்று. மூன்றாவது, இம்மெத்தையும் இத்தொண்டும் நம்மவர்க்கே என்று வேலி இடாதொழிக. இரவு இரண்டு மணிக்குச் சுவருக்கப்பால் முனகுகின்றவர் எக்குலத்தவர் என்று வலி கேட்பதில்லை, நாமும் கேட்கவேண்டா.

எம் சிற்றப்பாவும் மூன்று ஆண்டுகட்கு முன் மறைந்தார். இம்முறை யாம் விடுப்பெடுத்து, இருபத்திரண்டு இரவுகள் அவர் கட்டிலருகே பாய்விரித்துப் படுத்தோம். மருந்தைக் குறித்த மணியில் தந்தோம். அவர் கேட்டதற்கெல்லாம் மெய்யே கூறினோம். கிணற்றுப் பங்கினை எண்ணி அவர் ஓரிரவு அழுதார். யாமும் உடன் அழுதோம். வலியின்றி, பேரன் தோளிற் சாய்ந்தவாறே, அவர் உயிர் நீங்கியது. தந்தையார்க்குச் செய்யத் தவறியதை அவர்க்குச் செய்தோம். எனினும் தவறியது தவறியதே. நுங்களில் எவர்க்கும் அக்குறை நேராதிருத்தல் வேண்டுமென்றே இவ்வளவும் கூறினோம்.