பெயரும் பேறும்



காலி வீதி வழியே வெள்ளவத்தையையும் தெகிவளையையும் கல்கிசையையும் கடந்து சென்றால் இரத்மலானை வரும். விமான நிலையத்தால் பலரும் அறிந்த ஊர் அது. அவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் சமயத் தொண்டர் தொடக்கிவைத்த, செவிப்புலனும் கட்புலனும் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை அங்கேதான் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956ஆம் ஆண்டில் நவீல்ட் பாடசாலை எழுந்தது.

இப்பிள்ளைகளுக்கு உலகம் முதலில் அளிப்பது ஒரு பெயர். குருடன், செவிடன், ஊமை என்பன அப்பெயர்கள். இவற்றுள் ஊமை என்ற சொல்லைச் சற்றே ஆராய்வோம். பிறவியிலேயே செவிப்புலனற்ற குழந்தைகளுட் பெரும்பாலோருக்கு நாவிலும் தொண்டையிலும் யாதொரு குறையும் இல்லை. கேளாத மொழியைப் பேசக் கற்கும் வழிதான் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குச் சைகை மொழியைக் கற்பித்தால் தம் எண்ணங்களையெல்லாம் வெளியிட வல்லவர்கள். கற்பியாது விட்ட குற்றம் நம்முடையது. ஊமை என்ற பெயரோ அவர்களுடையது!

கற்றோரும் இவ்விடத்தே தவறியதுண்டு. 1880ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரிலே கூடிய ஆசிரியர் மாநாடு, சைகை மொழியைப் பாடசாலைகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. அங்கே கூடியிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுள் செவிப்புலனற்றவர் ஒருவரே. அத்தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க உலகம் 2010ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. இடைப்பட்ட தலைமுறைகள் இழந்த கல்வியை யார் மீட்டுத் தருவார்?

வாய்ப்புக் கிடைத்தவிடத்து நிகழ்ந்தது யாது? பார்வையற்ற லூயி பிரெயில், 1824ஆம் ஆண்டில், தமது 15ஆம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் வாசிக்கும் எழுத்தை வகுத்தார். அந்த ஆறு புள்ளிகள் 63 வடிவங்களாக விரிகின்றன. பிரெயிலில் தமிழ்க் ககரமும் சிங்களக் ககரமும் ஒரே வடிவின. கண்ணுக்கு வேறுபட்டவை விரலுக்கு ஒன்றாகிவிட்டன!

நம் இலக்கிய வரலாற்றிலும் சான்றுண்டு. சேயூர்க் கலம்பகம் பாடிய அந்தகக்கவி வீரராகவர் கட்புலனற்றவர். அவர் ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனின் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. மன்னன் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, கவியைக் கேட்டான். ஆயினும் குறையைச் சுட்டும் அடைமொழி இன்றளவும் அப்புலவரின் பெயருக்கு முன்னே நிற்கிறது.

இக்காலத்தில் நமக்குச் சட்டங்கள் உள்ளன. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்விக் கூடங்களில் அனுமதிப்பதிலும் பாகுபாடு கூடாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. எனினும், விண்ணப்பத்தைக் கையிலெடுக்கும் அதிகாரி, தகுதியைப் படிக்குமுன் குறையைப் படித்துவிட்டால், சட்டம் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. "உன்னால் இயலாது" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை முயல்வதையும் விட்டுவிடுகிறது. பிறகு, "பார்த்தீர்களா, நாம் சொன்னது சரிதானே!" என்கிறோம்.

நேயர்களே, இப்பேச்சைப் பார்வையுள்ளோரும் பார்வையற்றோரும் ஒரு சேரக் கேட்கிறீர்கள். வானொலியின் முன்னே இருவரும் சமமே. செவிப்புலனற்றோருக்கோ இவ்வானொலியும் மூடிய கதவே. அவர்களிடம் இதனைக் கொண்டு சேர்ப்பது கேட்டவர்களின் கடன். ஒருவரைப் பற்றி வினவும்போது, அவருக்கு இல்லாதது எது என்பதை விடுத்து, அவருக்கு இயல்வது எது என்று முதலிற் கேட்போமாக.