மூக்கில் எஞ்சின் சுமந்த ஹெலிகாப்டர்



1953 செப்டம்பர் 1. டிக்கெட் வாங்கி, அட்டவணைப்படி, நாட்டு எல்லை தாண்டி ஹெலிகாப்டரில் பறக்கும் சேவை உலகில் முதன்முதலாகத் தொடங்கிய நாள். நடத்தியது பெல்ஜியத்தின் சபீனா விமான நிறுவனம். பிரசல்ஸிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கும் பிரான்சின் லீல் நகருக்கும் பயணிகள் பறந்தார்கள். அவர்களைச் சுமந்தது சிகோர்ஸ்கி எஸ்-55.

அதற்கு மூன்றாண்டு முன்பே பிரிட்டனில் லிவர்பூலுக்கும் கார்டிஃபுக்கும் இடையே ஒரு சேவை நடந்தது. ஆனால் அந்த எஸ்-51 ஹெலிகாப்டரில் மூன்றே பயணிகள்தான் உட்கார முடியும். காரணம், எஞ்சின். கனத்த பிஸ்டன் எஞ்சின் சுழல் இறக்கைக்கு நேர் கீழே, நடு வயிற்றில் இருந்தது. பயணிகள் அதற்கு முன்னால் ஒடுங்கி உட்கார வேண்டும். ஒருவர் ஏறினாலும் இறங்கினாலும் தராசுத் தட்டு போல எடை ஒரு பக்கம் சாயும்.

எஸ்-55இல் ஈகோர் சிகோர்ஸ்கியின் பொறியாளர்கள் துணிந்து எஞ்சினைத் தூக்கி மூக்கில் வைத்தார்கள். 600 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். அதிலிருந்து ஒரு தண்டு சாய்வாக மேலேறி இறக்கையைச் சுழற்றியது. விமானிகள் எஞ்சினுக்கு மேலே, உயரத்தில் அமர்ந்தார்கள். நடு வயிறு முழுவதும் பயணிகளுக்குக் கிடைத்தது. பாரம் இறக்கைக்கு நேர் கீழே இருப்பதால், எட்டுப் பேர் ஏறினாலும் இருவர் ஏறினாலும் சமநிலை பெரிதாகக் குலையாது. பழுது பார்ப்பவருக்கும் வசதி: மூக்கின் கதவுகளைத் திறந்து, தரையில் நின்றபடியே எஞ்சினைத் தொடலாம். ஹெலிகாப்டர் வரலாற்றில் இத்தனை எளிய, இத்தனை அழகான முடிவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1949 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த இந்த ரகத்தில் இரண்டு, 1952 கோடையில், கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் இறங்கி ஏறி அட்லாண்டிக்கைக் கடந்தன. அதுவரை எந்த ஹெலிகாப்டரும் அதைச் செய்ததில்லை. 1954இல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டரும் எஸ்-55தான்.

பிஸ்டன் எஞ்சின் அதிரும், இரையும். ஆகவே டர்பைன் எஞ்சின் வந்ததும் பலரும் அதற்கு மாறினார்கள். பிரிட்டனின் வெஸ்ட்லண்ட் நிறுவனம் உரிமம் பெற்று வேர்ல்விண்ட் என்ற பெயரில் இதே ஹெலிகாப்டரைத் தயாரித்துவந்தது. அங்கும் மூக்கில் டர்பைன் ஏறியது. அது பழைய எஞ்சினைவிட மிக இலேசு. குறைந்த எடையை ஈடுகட்டி முன்பக்கச் சமநிலையைக் காக்க, வேர்ல்விண்டின் மூக்கை நீட்டிக் கட்டினார்கள்.