ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கை எப்படிச் செலவாகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் அநேகர் ஆபரேஷன் தியேட்டரையே மனதில் வைத்திருக்கிறீர்கள். அறுந்த நரம்பைப் பொறுத்தவரை தியேட்டரில் நடப்பது சில மணி நேர வேலை. மீதி ஒரு வருஷ வேலை. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

நரம்பு என்றதும் ஊசி போடும் ரத்தக் குழாயை நினைக்கிறவர்கள் உண்டு. நாங்கள் சொல்வது உணர்வையும் அசைவையும் கொண்டுபோகும் நரம்பு. மின்கம்பிக் கட்டு மாதிரி அதற்குள்ளே ஆயிரக்கணக்கான இழைகள். வெட்டுப்பட்டால், அதற்கு அப்பால் விரல் பக்கம் உள்ள இழைகள் முழுவதும் அழிந்துபோகும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்பவர் தவளையின் நாக்கு நரம்பில் இதைக் கண்டு எழுதினார். உறை மட்டும் காலிக் குழாயாக நிற்கும். தலைமயிரைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பின் கீழ், அந்த உறைகளை நேர்ப்படுத்தித் தைக்கிறோம். இடைவெளி பெரிதானால் இழுத்துத் தைக்கக் கூடாது. கெண்டைக்காலின் பின்புறமிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து நடுவில் வைக்கிறோம். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும், நடைக்குக் குறைவில்லை.

தைப்பதோடு எங்கள் கைவேலை முடிந்தது. புது இழைகள் மேலிருந்து முளைத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து வரவேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு தையல்காரம்மாவுக்குக் கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்திருந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துவிட்டன. மூன்று மாதம் கழித்து, "ஒண்ணுமே தெரியல டாக்டர், இனிமே வரல, பஸ்ஸுக்குத்தான் காசு போவுது" என்றார். மணிக்கட்டிலிருந்து விரல் நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போனோம். உள்ளங்கையின் நடுவில் தட்டியதும் "கரண்ட் அடிக்குது" என்று கையை இழுத்தார். வளரும் நுனி அங்கே வந்திருந்தது! 1915-ல், முதல் உலகப் போரின்போது, பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதிவைத்த சோதனை இது. மிஷினோ கரண்டோ வேண்டாம், விரல் போதும்.

அந்த மாதங்களில்தான் ஆபத்து அதிகம். சூடு தெரியாத விரலால் பால் டம்ளரைப் பிடித்தால் கொப்புளம் வந்த பிறகே தெரியும். இரவுதோறும் கையைப் பார்க்கவும், சூட்டை மற்றக் கையால் சோதிக்கவும், விரல்கள் விறைக்காமல் நீட்டி மடக்கவும் எங்கள் பிசியோதெரபிஸ்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறார்கள். ஒரு வருஷம் கழித்து அந்த அம்மா துணியின் நெசவைத் தடவி அறிகிறார். மெல்லிய ஊசியைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறார். பெரியவர்களுக்குப் பழைய உணர்வு முழுவதும் திரும்புவது அரிது; சிறுபிள்ளைகளுக்கு நன்றாகவே வரும்.

தோள் பக்கம் அறுந்தால் தூரம் அதிகம். ஒன்றரை வருஷத்துக்குள் இழை வந்து சேராத தசை பெரும்பாலும் மீளாது. அப்போது வேலை செய்யும் வேறொரு தசையின் நாணைத் திருப்பிக் கட்டுகிறோம். தொழுநோயால் நரம்பு கெட்ட கைகளுக்கு இந்த வழியை வேலூரில் 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டினார்.

ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு பங்கைப் பஸ் கட்டணத்துக்கும் கைத்தாங்கிக்கும் வைத்திருக்கிறோம். ரசீதில் இது சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அந்த அம்மாவைப் போல் பாதியில் நின்றுவிட நினைப்பவர்களைத் திரும்ப வரவழைப்பது அதுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் சபையில் யாருக்காவது கையில் வெட்டுப்பட்டு விரல் மரத்திருந்தால், மேல்காயம் ஆறட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். அந்த வாரமே அனுப்பிவையுங்கள்.