ஓசையின்றிப் பறிபோகும் பார்வை



பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வெண்கோல் ஏந்தி நடப்போரைப் பலரும் கண்டிருப்பர். 1951ஆம் ஆண்டில் தோற்றம் கண்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. அவ்வழியே செல்வோர், பார்வையிழப்பு என்றால் பிறவிக்குறை அல்லது விபத்து என்றே எண்ணுவர். நாற்பது வயதைக் கடந்த பின், வலியோ சிவப்போ இன்றிப் பார்வையைச் சிறுகச் சிறுகக் கவர்ந்து செல்லும் நோய் ஒன்றும் உண்டு. அதுவே கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா.

இந்நோய் எவ்வளவு தூரம் மறைந்திருக்கிறது என்பதைக் காட்டும் கணக்குத் தமிழகத்தில் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகத்துக் கிராமங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 5,150 பேரைச் சோதித்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதன் பொதுவான வகைக்கு ஆளானோரில் நூற்றுக்கு 93 பேர், அதுவரை தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள்!

அறியாமைக்குக் காரணம் அவர்களது அலட்சியம் மட்டுமன்று. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்து இலட்சம் அளவிலான இழைகள் உள்ளன. முதலில் மடிவன பெரும்பாலும் நடுப்பார்வைக்குரியவை அல்ல. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடு செய்துவிடுகிறது. பார்வைப் பரப்புச் சோதனையில் குறை தெரிவதற்குள் இழைகளில் கால் பங்கோ, அதற்கு மேலோ அழிந்திருக்கக்கூடும். அழுத்தத்தை மட்டும் அளப்பதும் போதாது. 21 என்னும் வழக்கமான வரம்புக்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு தேய்வோர் உண்டு. கண்ணாடிக் கடையில் எண் பார்த்துக்கொண்டதையே முழுமையான பரிசோதனை என்று நம்பியிருப்போர் நம்மிடையே மிகுதி.

ஆகவே நரம்பையே பார்க்க வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிவித்த கருவியால் உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பு முகப்பை மருத்துவர் காண முடிந்தது. அம்முகப்பின் நடுவே சிறு குழி உண்டு. இழைகள் மடிய மடியக் குழி அகலும். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஓ.சி.டி. என்னும் முறையை வெளியிட்டனர். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நரம்பிழைப் படலத்தின் தடிப்பை அது அளக்கிறது. முகப்பைச் சுற்றிய அப்படலம் நலமான கண்ணில் சராசரியாக ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கருவி சிவப்பு நிறம் காட்டினால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. கிட்டப்பார்வை மிக்க கண்களில் நோய் இன்றியும் சிவப்பு தோன்றுவதுண்டு. நோய் முற்றிய பின் தடிப்பு மேலும் குறையாது நின்றுவிடுவதால், அப்போது பார்வைப் பரப்புச் சோதனையே வழிகாட்டும். தீர்ப்பு மருத்துவருடையது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு வசதிக்குக் குறைவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனை உள்ளது. இனிப்புநீர் நோயாளிகளுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் விழித்திரைப் படம் எடுக்கப்படுகிறது. அது இனிப்புநீரின் விளைவைக் காணவே எடுக்கப்படுவது. ஆயினும் நரம்பு முகப்பும் அதே படத்தில் பதிகிறது. "குழி எப்படி இருக்கிறது?" என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர்க்கு இந்நோய் இருப்பின், இனிப்புநீர் இல்லாதோரும் கேட்டாக வேண்டும். அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

போன பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டு மருந்து, லேசர், அறுவை ஆகியவற்றால் பெரும்பாலும் காக்கலாம். தேய்மானத்தை அறிய இரண்டு படங்களை ஒப்பிட வேண்டும் என்பதால், மருத்துவமனை மாறுவோர் பழைய படத்தின் நகலைக் கேட்டுப் பெற்று உடன் கொண்டு செல்வது நல்லது.