முதுமையில் தெரியவரும் ஆட்டிசம்

ஆட்டிசம் பிறவியிலேயே அமைவது. முதுமையில் புதிதாக வருவதில்லை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் இதை விவரித்தார். அமெரிக்க மனநலக் கையேட்டில் தனி வகையாக இடம்பெற்றது 1980இல்தான். ஆகவே 1950களில் தென்காசிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பள்ளி வயதில் இதைக் கண்டறிய வழியே இருக்கவில்லை. அப்படிக் கண்டறியப்படாத கணவர் ‘ஒரு மாதிரியான ஆள்’ என்ற பெயரோடு காலம் தள்ள, மனைவி அதைப் பாசமின்மை என்றே எண்ணிப் புழுங்குவது உண்டு. இருவருக்கும் இது பெரும் துயரம்.

குற்றாலச் சாரல் காலத்தில் பேரருவியின் இரைச்சலும் நெரிசலும் தாங்காமல் பாதியிலேயே திரும்புவது, சாப்பாட்டு நேரம் சற்று மாறினாலும் நிலைகுலைவது போன்றவை இளமை முதலே இருந்தனவா என்பதே முதல் கேள்வி. அண்மையில் தொடங்கியவை என்றால் மறதிநோய், மனச்சோர்வு, செவித்திறன் குறைவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சிறுவயது இயல்பைச் சொல்ல அக்காளோ அண்ணனோ உடன் சென்றால் மனநல மருத்துவருக்குப் பேருதவி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. கணவர் மருத்துவரிடம் வர மறுத்தாலும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் மனைவி தனியாகவே, எந்நேரமும், இலவசமாகத் தமிழில் ஆலோசனை கேட்கலாம்.