பழைய எண்ணெய் இயந்திரங்களைச் செப்பஞ்செய்து இயக்குதல்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்குந் தொழிலுடைய எம்மை இயந்திரத்தைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், உலைக்களத்தின் அருகே வளர்ந்த எவர்க்கும் இரும்பின் மொழி முற்றும் அயன்மொழியன்று. யாம் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டேயாம். நம் வட்டாரத்துக் கிணறுகளில் ஒருகாலத்து நீரிறைத்த டீசல் எண்ணெய் இயந்திரங்களைச் செப்பஞ்செய்து மீண்டும் ஓடச் செய்வது எங்ஙனம் என்பது ஒன்று. அங்ஙனஞ் செய்தலாற் பயன் யாது என்பது மற்றொன்று.

ஸ்ரீபெரும்புதூர் 1017ஆம் ஆண்டில் உடையவர் அவதரித்த திருப்பதி என்பதை அறியாதார் இலர். ஏரியும் கிணறுமே இவ்வூரையும் சுற்றுப்புறங்களையும் வாழ்வித்தன. இன்றோ இந்நிலப்பரப்பு தொழிற்சாலைகளாற் பெயர்பெற்று விளங்குகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. பொத்தானைத் தொட்ட அளவில் உயிர்பெறும் எஞ்சின்கள் அங்கு நாள்தோறும் பிறக்கின்றன. அச்சாலைக்குக் கூப்பிடு தொலைவிலே, ஓடு சரிந்த கிணற்றுமேட்டுக் கொட்டகையிலே, அவற்றின் பாட்டன் துருவேறிக் கிடக்கின்றான். அப்பாட்டனைப் பற்றியதே எமது பேச்சு.

முற்காலத்துக் கிணற்றுநீர் கவலையாலும் ஏற்றத்தாலும் இறைக்கப்பட்டது. கவலைக்குரிய சாலை அடித்துக் கொடுத்தவரும், ஏற்றத்திற்கு மரம் இழைத்துக் கொடுத்தவரும் நம் முன்னோரே. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் இயந்திரங் கொண்டு கிணற்றுநீர் இறைக்கும் முயற்சிகளை நடத்திப் பரப்பினார்.

டீசல் இயந்திரத்தின் வரலாறு சுருக்கமாக இதுவாம். 1858இல் பாரிஸ் நகரிற் பிறந்த ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1892இல் தம் கருத்திற்கு உரிமைப்பதிவு கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர்தம் இயந்திரம் செவ்வனே ஓடிற்று. 1900இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இவ்வகை இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பெற்றது. நம் வீட்டுச் செக்கில் ஆடும் எண்ணெயே அங்கு எரிபொருளாயிற்று என்பது நம்மனோர் அறிந்து மகிழத்தக்கது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் சிற்றூரிலிருந்த லிஸ்டர் கம்பெனியார் 1930ஐ ஒட்டி 5 குதிரைத்திறன் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் இயந்திரமொன்றை வெளியிட்டனர். நிமிடத்திற்கு 600 சுற்றே சுற்றும் அவ்வியந்திரம் உலகெங்குஞ் சென்றது. புனா நகரிற் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் கம்பெனி 1946இல் தொடங்கப்பெற்றது. லிஸ்டரின் உருவத்தைப் பின்பற்றிக் குஜராத்து நாட்டு ராஜ்கோட்டிலும் எண்ணற்ற இயந்திரங்கள் வார்க்கப்பட்டன. இவற்றுள் யாதேனும் ஒன்றே நம் தோட்டங்களிற் கிடப்பது.

இவ்வியந்திரங்கள் ஓய்ந்ததற்குக் காரணம் மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் தொழிற்படலாயின. பின்னர்க் கம்பிகள் சிற்றூர்தோறும் படர்ந்தன. 1990ஐ ஒட்டி உழவர்க்கு மின்சாரம் விலையின்றியும் கிடைத்தது. விலையில்லா மின்சாரம் வாயிலில் நிற்க, விலைகொடுத்து எண்ணெய் வாங்குவார் யார்?

இனி, இயந்திரத்தின் உட்பொருளை நோக்குவோம். கார் முதலியவற்றிற் பெட்ரோலைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசலுக்கு அது வேண்டா. காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்துக் குழாயின் அடியைத் தொட்டுப் பார்த்த சிறுவரும் அறிவர். தென்கிழக்காசிய மக்கள் சிலர் சிறு குழலுள் தண்டினை ஓங்கியடித்துக் காற்றின் வெம்மையாலேயே பஞ்சிற் தீமூட்டினர். அந்நெறியே இது. சிலிண்டருட் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்க, அதன் வெம்மை 500 பாகைக்கு மேற் செல்லும். அந்நொடியில் நாசில் வழியே பனிபோற் தூவப்பெறும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். உறிஞ்சல், நெருக்கல், எரிதல், வெளியேற்றல் என வெண்பாவின் நான்கடிபோல் நான்கு வீச்சுகள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே எரிதல் நிகழ்தலின், ஏனை மூன்று வீச்சுகளுக்கும் வேண்டும் வேகத்தைச் சேமித்து வைப்பன இருபுறத்துப் பெருஞ்சக்கரங்களேயாம்.

நெடுநாட் கிடந்த இயந்திரத்தைக் கண்டவுடனே கைப்பிடியைச் செருகிச் சுற்ற முற்படுதல் பேதைமை. முதற்கண் அதனைக் கண்ணாலும் செவியாலும் ஆராய்க. பெருஞ்சக்கரத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டின், பழுதற்றதாயின் மணிபோல் ஒலிக்கும்; விரிசலுற்றதாயின் உடைந்த பானைபோற் செத்த ஒலி தரும். விரிசல் கண்ட சக்கரத்தை ஒருநாளும் ஓட்டலாகாது. சக்கரத்தை அச்சிலே பிணிக்கும் ஆப்பு தளர்ந்துளதா என்றும் பார்த்தல் வேண்டும். பிஸ்டன் இறுகியிருப்பின் மண்ணெண்ணெயும் மசகெண்ணெயுங் கலந்து மேலே ஊற்றிப் பல நாட்கள் ஊறவிடுக. பின்னர் மரக்கட்டையை இடைவைத்து மெல்லத் தட்டுக. இரும்பால் இரும்பை அடித்தல் ஆகாது. ஈராண்டு இறுகிய துரு இருநாளில் இளகாது. பொறுமையே முதற் கருவி.

பின்னர் அடிப்பெட்டியிற் தங்கிய பழைய எண்ணெயையும் சேற்றையும் முற்றும் வழித்தெடுத்துப் புதிது நிரப்புக. வால்வுகளை அவற்றின் இருப்பிடத்தில் அரைத்துப் பொருத்துக. எண்ணெய்த் தொட்டியையும் வடிகட்டியையும் கழுவுக. நாசிலைக் கழற்றிச் சோதிக்குங்கால், தூவும் முனைக்கு நேரே கையை ஒருபோதும் நீட்டற்க. மிக்க அழுத்தத்தோடு வரும் அவ்வெண்ணெய் தோலைத் துளைத்துக் குருதியிற் கலக்கும். காயஞ் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய பெருந்தீங்கு அது.

இயக்கும் முறை வருமாறு. தொட்டியில் தண்ணீரும், அடிப்பெட்டியில் மசகெண்ணெயும் அளவாக உள்ளனவா என நோக்கி, வால்வுகளை அசைக்கும் கைகளுக்கும் தண்டுகளுக்கும் எண்ணெய்ச் செம்பினால் துளித்துளியாக இடுக. எண்ணெய்க் குழாயிற் காற்று தங்கியிருப்பின் இயந்திரம் எத்துணைச் சுற்றினும் பற்றாது. ஆதலின் திருகாணிகளைத் தளர்த்திக் குமிழியற்ற எண்ணெய் வழியும்வரை காற்றை வெளியேற்றி இறுக்குக. பின்னர்ப் பம்பை இயக்கினால் நாசிலினின்றும் 'கிரீச்' என்னும் ஓசை எழும். அவ்வோசையே எண்ணெய் செவ்வனே தூவப்படுகின்றது என்பதற்கு அறிகுறி.

அடுத்து வெளியேற்று வால்வைத் தூக்கி நிறுத்தும் நெம்புகோலை உயர்த்துக. அஃது உயர்ந்திருக்குங்கால் உள்ளே காற்று நெருக்கப்படாது. ஆதலின் சக்கரம் எளிதிற் சுழலும். சில லிஸ்டர் இயந்திரங்களின் தலையிலே சிறு கைச்சக்கரம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் அதனை உள்முகமாகத் திருகி இறுக்கினால் நெருக்கம் மிகும். இனிக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுக. கட்டைவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடித்தல் வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், இயந்திரம் பின்னுக்கு உதைக்குங்கால் விரல் முறியும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுக. தோட்துண்டைக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுக. மகளிராயின் முந்தானையும் சடையும் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும். சக்கரம் போதிய வேகங்கொண்டதும் நெம்புகோலைக் கீழே விடுக. 'டப்' என்னும் முதல் முழக்கங் கேட்கும். இயந்திரம் பற்றியவுடன் கைப்பிடி தானே விலகும் அமைப்புடையது. விரைந்து அதனை உருவி அகற்றுக. கைப்பிடியின் உட்டுளையும் அச்சின் நுனியும் துருவின்றி எண்ணெய் பூசப்பெற்றிருத்தல் இன்றியமையாதது. இன்றேல் கைப்பிடி ஒட்டிக்கொண்டு சக்கரத்தோடு சுழன்று பறக்கும். அங்ஙனம் ஒட்டிக்கொண்டதைக் கையாற் பற்ற முயலாது, விலகி நின்று எண்ணெயை நிறுத்துக.

ஓடும் இயந்திரம் தன் நலத்தைப் புகையாற் சொல்லும். கரும்புகை சுமை மிகுதியையோ நாசிற் குறையையோ காட்டும். நீலப்புகை மசகெண்ணெய் எரிதலைக் காட்டும். வெண்புகை குளிர்ந்த நிலையையேனும் எரியா எண்ணெயையேனும் நீர்க்கசிவையேனும் காட்டும். தேய்ந்த இயந்திரம் தன் மசகெண்ணெயையே உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காது விரைதலும் உண்டு; அப்பொழுது காற்றுப் புகும் வாயைத் தடித்த பலகையால் மூடி அடக்குதல் வேண்டும். அதற்கெனப் பலகையொன்றை முன்னரே அருகில் வைத்துக்கொள்க. மூடிய அறையுள் ஓட்டுதல் கூடாது. புகையிலுள்ள நஞ்சு மணமின்றியே உயிரைக் கொள்ளும். நிறுத்துங்காற் சுமையை நீக்கிச் சில நிமிடம் வெறிதே ஓடவிட்டு, எண்ணெயை அடைத்தே நிறுத்துக. வால்வைத் தூக்கி நிறுத்துதல் வால்வைக் கெடுக்கும் வழக்கமாம்.

இவ்வளவு பாடு எற்றுக்கு என வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. 5 குதிரைத்திறன் இயந்திரம் முழுச்சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியாக டீசல் உண்ணும். ஆதலின் நாட்கூலிக் கணக்கிற் பார்ப்பின் இஃது இலாபமன்று. நாள்தோறும் இதனால் நீரிறைக்குக என யாம் சொல்லவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் நம் பகுதியைத் தாக்கியபோது மின்கம்பங்கள் வீழ்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் ஆழ்ந்தமையை மறந்துவிடலாகாது. கிணற்றில் நீர் இருந்தும் மோட்டார் ஓடாமையின் குடங்களோடு அலைந்தவர் நம்மில் எத்துணைப் பேர்! அந்நாளில் ஓடுநிலையிலுள்ள ஒரு பழைய இயந்திரம் ஒரு தெருவின் தாகத்தைத் தீர்க்க வல்லது.

அதனினுஞ் சிறந்த பயன் ஒன்றுண்டு. இவ்வொரு பொறியில் நம் ஐந்தொழிலும் வந்து கூடுகின்றன. இரும்பை அறிந்து சக்கரத்தின் ஒலி கேட்பவன் கொல்லன். வார்ப்பிற்கு மரவுரு செதுக்குபவன் தச்சன். வெள்ளீயக் கலவையை உருக்கிப் பேரிங்கிற்கு ஊற்றுபவன் கன்னான். அதிர்வைத் தாங்கும் கல்மேடை அமைப்பவன் சிற்பி. மயிரிழையன்ன நாசிற் துளையைத் தூய்மை செய்யும் நுண்ணிய கண்ணுங் கையும் தட்டானுக்கு உரியன. இதனைச் சொல்லுதல் வீண்பெருமைக்கன்று. கைத்தொழில் குருதியில் ஊறி வருவதன்று, பயில்வார்க்கே வருவது. பயிலாத கொல்லன் மகனினும் பயின்ற பிறர்மகன் சிறந்தவன். நாம் பயிலாது விடுவோமாயின் நம் பெயர் மட்டுமே நம்மிடம் எஞ்சும்.

நம் பிள்ளைகள் பலர் இத்தொழிற்சாலைகளிற் பணிபுரிகின்றனர், அஃது உவக்கத்தக்கதே. எனினும் வரிசையில் நின்று நாள்முழுதும் ஒரே திருகாணியை முடுக்குபவனுக்கு முழு எஞ்சினின் உயிர்நிலை புலப்படுவதில்லை. ஒப்பந்தம் முடிந்து வெளிவருங்கால் அவன் கையில் தொழில் ஒன்றும் இருப்பதில்லை. பழைய இயந்திரமோ திறந்த ஏடு. அதன் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இதனைப் பிரித்துப் பூட்டக் கற்ற இளைஞன் எவ்வியந்திரத்தின் முன்னும் அஞ்சி நில்லான். கற்பிக்கவல்ல முதியோரோ ஆண்டுதோறுங் குறைகின்றனர். இயந்திரங்களோ எடைக்கணக்கிற் பழைய இரும்புக் கடைக்குச் செல்கின்றன. ஏடு எரிவதும் ஆசிரியர் மறைவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. தோட்டத்திற் பழைய இயந்திரம் உடையார், அதனை விற்கு முன் சங்கத்திற்கு ஒரு சொல் சொல்லுக. சங்கத்தார் அவற்றுள் ஒன்றையேனும் பெற்று நம் கட்டடத்தின் பின்புறத்துத் திறந்த கொட்டகையில் நிறுவுக. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுபவம் மிக்க முதியவர் ஒருவர் முன்னிலையில், நம் இளைஞரும் பெண்மக்களும், விரும்பி வரும் அயலார் பிள்ளைகளும் அதனைப் பிரித்துப் பூட்டி ஓட்டிப் பழகுக. முதியவர் சொல்வனவற்றை எழுதி வைக்கும் பணியை எம் பள்ளி மாணவரைக்கொண்டு யாமே ஏற்கின்றோம்.

 அடுத்த கூட்டத்திற்கு வருங்கால், உங்கள் ஊரில் எத்துணை இயந்திரங்கள் இன்னுங் கிடக்கின்றன என்னுங் கணக்கோடு வருமாறு வேண்டி அமைகின்றோம்.