மன்னிப்பு யார் கையில் இருக்கிறது?

(மேலவளவு ஈகியர் நினைவாகத் திருநகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்த்து ஏழு பேர். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் நின்று வென்றதுதான் அவர் செய்த குற்றம். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2008-இல் அண்ணா நூற்றாண்டைக் காட்டி 3 பேரை அரசு விடுவித்தது. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காட்டி 13 பேரை விடுவித்தது.

அந்த நேரத்தில் நம் காதில் விழுந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "இத்தனை வருசம் ஆகிவிட்டது, மன்னித்து மறந்துவிடக் கூடாதா?" நம்மில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களிடம் இதைக் கூடுதல் உரிமையோடு கேட்டார்கள். மன்னிக்கச் சொன்னவர் உங்கள் இயேசுதானே என்றார்கள். ஆகவே அந்த இயேசுவிடமே போய்க் கேட்போம்.

அவர் சீடர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபத்தில், சீர்திருத்தச் சபைகளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கடன்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. கூலிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் சொல். கடனைத் தள்ளுபடி செய்ய யாருக்கு உரிமை? கொடுத்தவருக்குத்தான். எனக்கு வரவேண்டிய பாக்கியைப் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளுபடி செய்ய முடியுமா? தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்குச் சட்டப்படி உண்டு. அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க முடியாது. அந்தப் பாக்கி, கணவனை இழந்த பெண்களுக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் வரவேண்டியது.

ஒடிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சின்னப் பையன்களும் வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு அதற்காக நிற்கவில்லை. தாரா சிங்குக்கு 2003-இல் கிடைத்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2005-இல் ஆயுளாகக் குறைத்தது; 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு அவர் மனதிலிருந்து வந்தது, நீதி நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. அவர் மன்னித்தார் என்பதைக் காட்டி, மேலவளவுப் பெண்களிடம் நீங்களும் மன்னியுங்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது.

தவறு செய்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நற்செய்தி சொல்கிறது. லூக்கா எழுதும் சகேயு வரி வசூலித்துப் பணக்காரன் ஆனவன். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். அதன் பிறகே இயேசு அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார். காணிக்கை செலுத்த வந்தவனுக்குச் சகோதரன்மேல் செய்த தவறு நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்யச் சொல்கிறார். நடக்க வேண்டியது குற்றவாளியின் கால்கள். நம் ஊரிலோ பாதிக்கப்பட்டவரையே நடக்கச் சொல்கிறோம்.

இதைத் திருச்சபைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்தது ஒரு சுவர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஏற்றுக்கொண்டது. வரவேற்போம். ஆனால் ஒப்புக்கொள்வது சகேயு மரத்திலிருந்து இறங்கியதற்குச் சமம். நான்கு மடங்கு இன்னும் பாக்கி. கல்லறையில், பங்குப் பேரவையில், சபை நடத்தும் கல்லூரிகளின் வேலையில் அது தெரிய வேண்டும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நம் 'பறட்டை', ஒரே உலை என்று பேசினார். எல்லோரும் ஒரே பானையில் சமைத்துப் பங்கிட்டு உண்பதுதான் இறையாட்சி. ஒப்புரவை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் அதுதான்.

மாணவர்களே, உங்களிடம் யாராவது மன்னிக்கச் சொன்னால் கோபப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். செய்ததைச் செய்தேன் என்று சொன்னார்களா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்களா? நாளை ஒரே பந்தியில் உட்காருவார்களா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தாலும், மன்னிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பங்களே முடிவு செய்யட்டும். அதுவரை நினைவில் வைத்திருப்பது நம் வேலை. அதைப் பகை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பாக்கி எழுதிய நோட்டை நாம் கிழிக்கப் போவதில்லை.